பள்ளிப் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு எந்தச் சங்கம்?

தொகுப்பூதியத்தில் இருக்கும் பேச்சுப் பயிற்சியாளர் சங்கத்தில் சேரலாமா? சேர்ந்தால் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்களா? ஆசிரியர் சங்கத்தில் சேர்வதா, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர்களோடு சேர்வதா, தனியாக ஒன்று தொடங்குவதா? காவிரி டெல்டாவில் பேச்சுக் குறைபாடுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. அண்மையில் இரண்டு செய்திகள் குழப்பத்தைக் கூட்டிவிட்டன. 2024-25-இல் தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு மத்திய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. 2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. முதலாவது சம்பளம் வரும் வழியைத் தொட்டது. இரண்டாவது சங்கம் வைக்கும் சட்டத்தையே மாற்றியது.

பேச்சுப் பயிற்சியாளர்கள் எண்ணிக்கையில் மிகச் சிறிய கூட்டம். தனித்து நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பெரிய சங்கத்தில் சும்மா பெயர் கொடுத்தால் அவர்களுடைய முக்கியமான கோரிக்கை அதற்குள் கரைந்துவிடும். இந்தச் சிக்கலை மனதில் வைத்துக்கொண்டு அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

யாருடைய ஊழியர்?

சங்கக் கேள்விக்கு விடை, சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர்கள் எல்லாரும் ஒரே வேலைதான் செய்கிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் நான்கு வேறு ஆட்கள்.

1. திட்டப் பணியாளர். அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வி இயக்கம், ஆசிரியர் கல்வி மூன்றையும் 2018-இல் இணைத்து உருவானது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. இதன் உள்ளடக்கிய கல்விப் பிரிவில் மாற்றுத்திறன் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கலாம். வேலையின் தலைமையிடம் ஒன்றிய அளவில் இயங்கும் வட்டார வள மையம். ஊதியம் தொகுப்பூதியம், பணி ஒப்பந்தம்.

2. அறக்கட்டளை நடத்தும் சிறப்புப் பள்ளியின் ஊழியர். அரசு மானியம் வந்தாலும் முதலாளி அந்த நிர்வாகம்தான்.

3. தனியார் மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளியின் ஊழியர்.

4. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கு வந்துபோகிறவர். நாள் கணக்கு அல்லது அமர்வுக் கணக்கு. பெரும்பாலும் கையில் பணி ஆணையே இருக்காது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கும் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். அங்கே இருப்பவர் சுகாதாரத் துறைத் திட்டத்தின் ஒப்பந்த ஊழியர். அவருடைய சங்கக் கேள்வி தனி.

சம்பளம் நின்றால் முதல் வகையினர் மனு கொடுக்க வேண்டிய இடம் மாநிலத் திட்ட இயக்ககம். வட்டார வள மையத்தில் இருப்பவருக்கு அதைத் தீர்க்கும் அதிகாரம் கிடையாது. ஆண்டுக்கணக்கில் தவறான மேசையில் மனு கொடுத்துக்கொண்டிருப்பதுதான் பல கோரிக்கைகள் நகராமல் கிடப்பதற்குக் காரணம்.

'சங்கம்' என்பது நான்கு பொருள்

தமிழில் எல்லாவற்றுக்கும் சங்கம் என்றே சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் இவை நான்கும் வேறு வேறு.

1. தொழில்முறை அமைப்பு. இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் சங்கம் இந்த வகை. மாநாடு நடத்தும், பாடத்திட்டம் பற்றிக் கருத்துச் சொல்லும், தொழில் நெறியைப் பேசும். உங்கள் முதலாளியோடு சம்பளம் பேச அதற்கு இடமில்லை. இதோடு இந்திய மறுவாழ்வு மன்றத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரசு மன்றம். அதன் பதிவேட்டில் உங்கள் பெயர் இருப்பது தொழில் செய்யும் உரிமம். அந்தப் பதிவு எண் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்வதே தவறு.

2. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிந்த சங்கம். ஊர் நலச் சங்கமும் வாசகர் வட்டமும் பதியும் அதே இடம். லெட்டர்பேடு கிடைக்கும், வங்கிக் கணக்கு தொடங்கலாம். தொழிற்சங்கத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு மட்டும் வராது.

3. தொழிற்சங்கம். தொழிலாளர் துறையின் தொழிற்சங்கப் பதிவாளரிடம் பதிந்தது. தொழில் தகராறு ஒன்றை நடத்தும்போது கூடிப் பேசியதையே குற்றச் சதி என்று வழக்குப் போட முடியாது. 'உங்கள் போராட்டத்தால் நட்டம்' என்று உரிமையியல் வழக்குக்கும் இழுக்க முடியாது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இந்தக் காப்பு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. வன்முறைக்கும் பொருள் சேதத்துக்கும் இந்தக் காப்பு கிடையாது.

4. அரசு அங்கீகரித்த பணியாளர் சங்கம். நிரந்தர அரசு ஊழியர், ஆசிரியர்களுக்கானது. ஜாக்டோ-ஜியோ என்ற கூட்டமைப்பில் கைகோத்திருப்பவை பெரும்பாலும் இந்த வகை.

சந்தா கட்டும் முன் ஒரே ஒரு தாளைக் கேட்டுப் பாருங்கள்: பதிவுச் சான்றிதழ். எந்தச் சட்டத்தின் கீழ் என்று அதில் இருக்கும். திட்டப் பணியாளருக்காகப் பேசுகிறோம் என்று சொல்லும் அமைப்பு இரண்டாம் வகையாக இருந்தால், அது மனு கொடுக்கலாம், நீதிமன்றம் போகலாம். வேலைநிறுத்தம் என்று வரும்போது உறுப்பினர் காப்பில்லாமல் நிற்பார்.

சேர உரிமை உண்டு. வேலைநிறுத்த உரிமை அதே அளவு இல்லை

சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவு தரும் அடிப்படை உரிமை. வேலைநிறுத்தம் அதற்குள் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது லட்சத்துக்கு மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கத்தில் சேர்வதையோ சந்தா கட்டுவதையோ அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. ஆனால் அந்த ஜூலையின் நினைவுதான் இன்றும் பலரைச் சங்கம் என்றாலே ஒதுங்க வைக்கிறது.

அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது. பேச்சுப் பயிற்சியாளர் சட்டப்படி 'தொழிலாளி'யா?

பள்ளி ஒரு தொழில் நிறுவனம்தான் என்று 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்கும்படி 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். 1988-இல் சுந்தரம்பாள் வழக்கில், கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை பணிநீக்கத்தை எதிர்த்துப் போனபோது, பள்ளி தொழில் நிறுவனமாக இருந்தாலும் ஆசிரியர் தொழிலாளி ஆக மாட்டார் என்று அதே நீதிமன்றம் முடிவு செய்தது. கற்பித்தலை உடலுழைப்பு, திறன்சார் வேலை, எழுத்தர் வேலை என்ற எந்தக் கட்டத்திலும் அடைக்க முடியாது என்பது காரணம். ஆகவே ஆசிரியருக்குத் தொழில் தகராறு மன்றத்தின் கதவு மூடியிருக்கிறது.

பேச்சுப் பயிற்சியாளர் வகுப்பெடுப்பதில்லை. அண்ணப்பிளவு அறுவை முடிந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாப்பா' என்று சொல்லச் சொன்னால் 'மாம்மா' என்று வருகிறது. வாயில் அடைபட வேண்டிய காற்று மூக்கு வழியே ஓடிவிடுகிறது. மூக்கின் கீழே ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்து, ஆவி படிகிறதா என்று பார்த்து, உதட்டை மூடிக் காற்றை நிறுத்தி வெடிக்கப் பழக்க வேண்டும். இது தொழில்நுட்பப் பணி. சட்ட வரையறையில் 'தொழில்நுட்பப் பணி' என்ற சொல் இருக்கிறது. ஆகவே இவரைத் தொழிலாளி என்று வாதிட இடம் உண்டு.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விலை இருக்கிறது. 'எங்களையும் ஆசிரியர் என்று அறிவியுங்கள்' என்று கேட்டு அது கிடைத்துவிட்டால், ஆசிரியருக்கான விடுப்பு, ஊதிய விகிதம் ஆகியவற்றைக் கோர வழி பிறக்கும். கூடவே தொழில் தகராறு மன்றத்துக்குப் போகும் வாய்ப்பு சுருங்கும். திட்டப் பணியாளருக்கு இந்தப் பரிமாற்றத்தில் இழப்பு குறைவு. அவருடைய வழக்கு எப்படியும் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனுவாகத்தான் போகும். தனியார் பள்ளிப் பயிற்சியாளருக்கு இழப்பு பெரிது. நிர்வாகத்தின் மீது நீதிப்பேராணை கிடைப்பது அரிது, தொழில் தகராறு மன்றம்தான் அவருக்குக் கைக்கெட்டும் இடம்.

எல்லாவற்றிலும் நல்ல செய்தி ஒன்று. 'தொழிலாளி' என்ற வரையறை தகராறு நடத்துவதற்குக் குறுகலாகவும், சங்கம் அமைப்பதற்கு அகலமாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. தொழிலிலோ வணிகத்திலோ வேலை பார்க்கும் எல்லாரும் தொழிற்சங்கம் அமைக்கலாம், அமைப்புசாராத் தொழிலாளர்களும் சேரலாம். நாள் கணக்கில் வருகிறவருக்கும் இதில் இடமுண்டு.

புதிய தொகுப்பில் மாறியவை

1926 தொழிற்சங்கச் சட்டம், 1947 தொழில் தகராறுச் சட்டம் ஆகியவற்றின் இடத்துக்கு வந்திருப்பது 2020-ஆம் ஆண்டு தொழில் உறவுகள் தொகுப்பு. பழைய சட்டத்தில் செல்லுபடியான பதிவு வைத்திருந்த சங்கம் புதிதாகப் பதிய வேண்டியதில்லை. விவரங்களைப் புதுப்பித்துத் தாக்கல் செய்ய வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டிய மாற்றங்கள்:

1. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 விழுக்காட்டினரைத் தன் பக்கம் வைத்திருக்கும் சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். எதற்கும் அந்த எண்ணிக்கை இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு அமையும். அதில் 20 விழுக்காட்டுக்கு ஒரு இடம்.

2. 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது. கொடுத்த அறிவிப்பு 60 நாளுக்குத்தான் செல்லும்.

3. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. 'எல்லாரும் திங்கட்கிழமை லீவு போட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போவோம்' என்று வாட்ஸ்அப்பில் முடிவெடுக்கும் பழக்கம் இனி ஆபத்து. சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

51 விழுக்காடு என்ற கணக்குதான் பேச்சுப் பயிற்சியாளருக்கு இடி. 60 பேர் வேலை பார்க்கும் பள்ளியில் அவர் ஒருவர்.

எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்கள்

திருவாரூர் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் 10. தஞ்சாவூரில் 14, நாகப்பட்டினத்தில் 6, மயிலாடுதுறையில் 5. ஆக 35. ஒன்றியத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டாலும் இந்த நான்கு மாவட்டத்திலும் சேர்த்து 35 பேர். ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையில் இருப்பதைவிடக் குறைவு. ஏழு பேர் இருந்தால் தொழிற்சங்கம் பதிய விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த நிறுவனம் அல்லது தொழிலில் இருப்பவர்களில் 10 விழுக்காடு அல்லது 100 பேர், எது குறைவோ அது எப்போதும் உறுப்பினராக இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் பதிவே பறிபோகலாம்.

இதே சிக்கல் அமெரிக்காவில் எப்படிக் கையாளப்படுகிறது என்று பார்ப்பது உதவும், ஏனென்றால் அங்கே பள்ளிப் பேச்சுப் பயிற்சியாளர் பெரிய கூட்டம். அங்கே 'ஆஷா' என்ற தேசிய அமைப்பு சான்றிதழ் தரும் தொழில்முறை அமைப்பு மட்டுமே. சம்பளம் பேசுவது ஆசிரியர் சங்கத்தின் உள்ளூர்க் கிளை. பல மாநிலங்களில் பேச்சுப் பயிற்சியாளரும் ஆசிரியரும் ஒரே ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள். 1935-ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் அரசுப் பள்ளி ஊழியரைச் சேர்க்காததால் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறும். வட கரோலினாவில் அரசு ஊழியரோடு கூட்டுப் பேர ஒப்பந்தம் போடுவதே 1959 முதல் சட்டப்படி செல்லாது. 2018 ஜூன் 27-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த ஜேனஸ் தீர்ப்புக்குப் பிறகு, சங்கத்தில் சேராத அரசு ஊழியரிடம் பேச்சுவார்த்தைக் கட்டணம் எதுவும் வாங்க முடியாது.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முடிவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் முழுநேரச் செவிலியர் என்ற வரி இருந்தது. செவிலியர்கள் அந்தச் சங்கத்தில் ஒரு சிறு பிரிவு. பெரிய சங்கம் சிறு பிரிவின் கோரிக்கையைத் தன் தாளில் எழுதியதால் அது நடந்தது. இரண்டாவது, கலிபோர்னியாவின் கல்விச் சட்டமே, பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் பார்க்கும் பிள்ளைகளின் சராசரி 55-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் என்றால் 40. எண் எழுத்தில் இருக்கிறது. தாண்டினால் சங்கம் கையில் பிடித்துக் கேட்க ஒரு வரி இருக்கிறது.

இந்த மண்ணுக்கும் இது புதிதில்லை. தஞ்சைப் பண்ணையாட்கள் ஊர் ஊராகச் சேர்ந்ததன் பலனாக 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாய்ப்பேச்சில் இருந்த கூலியும் வெளியேற்றமும் எழுத்துக்குள் வந்தன.

ஆக, வழி இது: திட்டப் பணியாளர் என்றால் சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர், வட்டார வள மைய ஊழியர் எல்லாரும் இருக்கும் தொழிற்சங்கத்தில் சேர வேண்டும். சேரும்போதே பேச்சுப் பயிற்சியாளருக்கு ஒரு உட்பிரிவு, செயற்குழுவில் ஒரு இடம், கோரிக்கைத் தாளில் ஒரு தனிப் பத்தி என்று விதியில் எழுதி வாங்க வேண்டும். இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்ற வழக்கு ஒன்றே சான்று. 2021 அக்டோபர் 28-இல் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில், தொடக்க வகுப்பில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15-க்கு ஒருவர் என்ற விகிதம் வந்தது. 2025 மார்ச் 7-இல் பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு ஆணையும் வந்தது. நாடு முழுக்கச் சிறப்பாசிரியர்களுக்கு இது பெரிய வெற்றி. பேச்சுப் பயிற்சியாளர் அந்த விகிதத்தில் எங்கும் இல்லை.

முதல் கோரிக்கை எதுவாக இருக்க வேண்டும்

ஊதிய உயர்வும் பணி நிரந்தரமும் எல்லாத் தாளிலும் இருக்கும், இருக்க வேண்டும். 2012-இல் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களின் ஊதியம் 10,000 ஆகி, பிறகு 12,500 ஆனதற்கு அவர்கள் இடைவிடாமல் நடத்திய போராட்டம் காரணம். ஆனால் பேச்சுப் பயிற்சியாளர் முதலில் எழுத வேண்டியது, ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற எண்.

ஒரு நாள் வேலையைப் பிரித்துப் பார்த்தால் புரியும். கோட்டூர், முத்துப்பேட்டை, தலைஞாயிறு போன்ற ஒன்றியங்களில் பள்ளிகள் விலகி விலகி இருக்கின்றன. பேருந்து ஒரு மணிக்கு ஒன்று என்றால் அதுவே நல்ல தடம்.

1. பள்ளி நேரத்தில் உண்மையில் கிடைப்பது ஐந்து மணி நேரம்.
2. ஒரு நாளில் இரண்டு பள்ளி என்றால் இடையில் பயணமும் காத்திருப்பும் ஒன்றரை மணி நேரம். மிச்சம் 210 நிமிடம்.
3. ஒரு பிள்ளைக்கு 30 நிமிடப் பயிற்சி, 10 நிமிடம் பதிவேடும் அம்மாவிடம் வீட்டுப் பயிற்சி சொல்வதும். ஆக 40 நிமிடம்.
4. நாளுக்கு ஐந்து பிள்ளைகள், வாரத்துக்கு 25.
5. பட்டியலில் 80 பிள்ளைகள் இருந்தால் ஒரு பிள்ளையின் முறை மூன்று வாரத்துக்கு மேல் கழித்துத்தான் வரும்.

'மாம்மா'வைப் 'பாப்பா' ஆக்க வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். மூன்று வாரம் கழித்து வரும் பிள்ளை பழைய இடத்திலேயே நிற்கும். காதுக்கருவி போட்ட பிள்ளை என்றால் இன்னும் மோசம். காது வளர வளர, கருவியைக் காதில் பொருத்தும் அச்சு தளர்ந்து 'கீ' என்று விசில் அடிக்கும். சத்தம் பொறுக்காமல் கருவியைக் கழற்றிப் புத்தகப் பையில் போட்டுவிடும். சிறு பிள்ளைகளுக்குச் சில மாதங்களிலேயே புது அச்சு தேவைப்படும். அதை முதலில் கவனிக்க வேண்டியவர் பேச்சுப் பயிற்சியாளர். அவர் வராத மூன்று வாரமும் அந்தப் பிள்ளை கேட்காமலே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். பதிவேட்டில் 'பயிற்சி நடைபெறுகிறது' என்று இருக்கும். இந்த எண்ணைக் கேட்பது பயிற்சியாளரின் சொகுசுக்காக என்று யாராவது சொன்னால், மேலே உள்ள ஐந்து வரிகளைக் காட்டலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்து, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையும் தந்திருக்கிறது. இந்தக் கோரிக்கைக்கு அடித்தளம் அதுதான்.

கோரிக்கைத் தாளில் எழுத வேண்டிய மற்றவை:

1. மழை விடுமுறை. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் பள்ளி மூடுவது வழக்கம். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பள்ளிகள் பல நாள் திறக்கவில்லை. நாள் கணக்கில் இருப்பவருக்கு இந்த நாட்களின் கூலி என்ன என்று ஒப்பந்தத்தில் வரி இருக்க வேண்டும்.

2. பயணப்படி. தொகுப்பூதியத்துக்குள் அடக்காமல் தனியே.

3. மகப்பேறு விடுப்பு. இந்தத் தொழிலில் பெண்கள் அதிகம். 2017 திருத்தம் தந்த 26 வாரம் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. விடுப்பின் நடுவில் ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு பலனை முழுதாகத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் கவிதா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, வேறு ஆளைப் போட்டுவிட்டோம்' என்ற பதில் செல்லாது.

4. இடைவெளி இல்லாப் புதுப்பிப்பு. ஏப்ரலில் முடித்து ஜூனில் மறுபடி எடுப்பதாகக் காட்டினால் தொடர்ச்சியான பணி என்ற கணக்கு அடிபடும். பணிக்கொடை கேட்கும்போதும் நிரந்தரம் கேட்கும்போதும் அந்த ஒரு மாத ஓட்டைதான் எதிராக நிற்கும்.

நிரந்தரம் பற்றி ஒரு எச்சரிக்கை. 2006-இல் உச்ச நீதிமன்றத்தில் வந்த உமாதேவி தீர்ப்புக்குப் பிறகு, பல ஆண்டு வேலை பார்த்தது ஒன்றையே காட்டி நிரந்தரம் கேட்க முடியாது. முறையான விளம்பரம், நேர்காணல், கல்வித் தகுதி, இனச் சுழற்சி (இட ஒதுக்கீட்டு வரிசை) இவற்றின்படி எடுக்கப்பட்டோம் என்று காட்ட முடிந்தால் வாதம் வலுக்கும். நிரந்தரம் தாமதமானாலும், 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் வந்த 'ஒரே வேலைக்கு ஒரே ஊதியம்' என்ற கொள்கை தற்காலிகப் பணியாளருக்கும் பொருந்தும். அதற்கு, அதே வேலையை நிரந்தரமாகச் செய்யும் ஒருவரை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சியாளருக்கு நிரந்தரப் பணியிடம் அரிது என்பதால் இந்த இடத்தில் வழக்குகள் சறுக்கும்.

பதிவு செய்யும்போது எங்கே தவறுகிறது

சேரத்தக்க சங்கமே இல்லாத இடத்தில் புதிதாகப் பதிய வேண்டியிருந்தால்:

1. பொதுக்கூட்டம் கூட்டித் தீர்மானம் எழுதி, வந்த எல்லாரிடமும் கையொப்பம் வாங்குங்கள். பின்னால் தேதி போட்டு எழுதிய தீர்மானம் விசாரணையில் மாட்டும்.

2. விதித்தொகுப்பு: பெயர், நோக்கம், உறுப்பினர் சேர்க்கை, சந்தா, நிதியை எதற்குச் செலவிடலாம், தேர்தல், கணக்குத் தணிக்கை, கலைக்கும் முறை. நோக்கத்தில் 'மாற்றுத்திறனாளி நலப் பணி' என்று மட்டும் எழுதினால் 'இது தொண்டு அமைப்பு, 1975 சட்டத்தில் பதியுங்கள்' என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான உறவை முறைப்படுத்துவது என்ற வரி முதலில் வர வேண்டும்.

3. உறுப்பினர், நிர்வாகிகளின் பெயர், வேலை, முகவரி. நிர்வாகிகளுக்கு வயதும். வெளியாட்கள் மொத்த நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அமைப்புசாராத் துறை என்றால் பாதி வரை இருக்கலாம்.

4. ஒவ்வொரு ஆண்டும் கணக்குத் தாக்கல். பதிவு வாங்கிவிட்டு ஓய்ந்துபோவதால்தான் சங்கங்கள் செத்துப்போகின்றன. பிரச்சினை வரும் நாளில் எடுத்துப் பார்த்தால் பதிவு ரத்தாகியிருக்கும்.

நாளை ஒருவரை நிறுத்திவிட்டால்

சங்கம் எதைச் செய்யும் என்பது, உறுப்பினர் கையில் என்ன தாள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எப்போதும் வீட்டில் ஒரு பிரதி இருக்க வேண்டியவை: முதல் பணி ஆணையும் ஒவ்வொரு புதுப்பிப்பு ஆணையும், விளம்பரத்தின் நகல், மறுவாழ்வு மன்றப் பதிவுச் சான்று, சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் பக்கங்கள், வருகைப் பதிவு, மாதாந்திரப் பயண நிரல், பார்த்த பிள்ளைகளின் எண்ணிக்கை. பிள்ளைகளின் பெயரும் மருத்துவ விவரமும் வீட்டுக்கு வரக் கூடாது. எண்ணிக்கை மட்டும் போதும்.

வாய்மொழியாக 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்றால், அன்றே மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ 'பணிக்கு வரத் தயாராக இருக்கிறேன், எழுத்து ஆணை தாருங்கள்' என்று அனுப்ப வேண்டும். இந்த ஒரு கடிதம் இல்லாததால் 'அவரே வேலையை விட்டுவிட்டார்' என்று நிர்வாகம் சொல்வதை மறுக்க முடியாமல் போகும்.

உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தால் மாவட்டம் பார்த்துப் போக வேண்டும். தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்கள் மதுரைக் கிளையின் கீழ் வருகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை சென்னைக்குப் போக வேண்டியவை. கும்பகோணத்தில் வேலை பார்ப்பவரும் அடுத்துள்ள குடவாசலில் வேலை பார்ப்பவரும் ஒரே ஆணையால் பாதிக்கப்பட்டாலும் ஒருவர் மதுரைக்கும் மற்றவர் சென்னைக்கும் போக நேரலாம். இரு வழக்குகளையும் ஒரே சங்கம் நடத்தினால் ஒரு இடத்துத் தாளை இன்னொரு இடத்தில் காட்டலாம். வழக்கறிஞர் கட்டணத்தையும் பகிர்ந்துகொள்ளலாம்.

தனியார் பள்ளி ஊழியர் பணிக்கொடையையும் மறக்கக் கூடாது. ஆசிரியர்களும் 1997 ஏப்ரல் 3 முதல் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று 2009-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே 'நீங்கள் ஆசிரியர் வகை, உங்களுக்குக் கிடையாது' என்ற பதில் எந்த வகைக்கும் பொருந்தாது. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்குப் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி ஐந்து ஆண்டு காத்திருக்காமல், ஓராண்டு முடித்தாலே கணக்கு தொடங்குகிறது. அதற்காகத்தான் ஒப்பந்தத் தாளில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டும்.